திருக்கேதீச்சர யாத்திரை: இளைஞர்க்குச் சில சொற்கள்

ஈழவள நாட்டிலே தேவாரப் பாடல் பெற்ற சிவதலங்கள் இரண்டு. ஒன்று கீழ்க்கரையிலுள்ள திருக்கோணமலை. மற்றையது மேற்கரையிலே, மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் அமைந்த திருக்கேதீச்சரம். கி. பி. 7-ம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தரும், அவருக்குப் பின் சுந்தரரும் இத்தலத்தைப் பாடினர். இருவரும் கடல் கடந்து வந்தாரல்லர். இராமேச்சுரத்தில் நின்றே இக்கரையை நினைந்து பாடினர் எனப் பெரியபுராணம் கூறும். காணாமலே கண்ட அப்பெரியோர் எங்கே? வாகனத்தில் வந்து, அரை மணி நேரத்திற் கும்பிட்டுத் திரும்பும் நாம் எங்கே? அங்குச் செல்லும் இளைஞர் எதனை எப்படிக் காணவேண்டும் என்று சில சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் காணவேண்டியது மண்ணுக்குள் மறைந்த நகரம். கோயிலைச் சூழ்ந்திருக்கும் மேடு இயற்கை மேடன்று. மாந்தை என்றும் மாதோட்டம் என்றும் வழங்கிய பழந்துறைமுகத்தின் உடலே அது. அநுராதபுர அரசின் பெருந்துறையாக இது விளங்கியது. மரக்கலங்கள் நிறைந்த கடல் என்று சுந்தரர் பாடியது வெறும் புனைவன்று. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் நடத்திய அகழாய்விலே சீனப் பீங்கானும், பாரசீக, அராபியக் கரைகளிலிருந்து வந்த மட்பாண்டமும் வெளிப்பட்டன. இம்மண்ணிற் கிடைத்த மிளகும் கராம்பும் பற்றிய ஆய்வு 2018-ல் வெளியாயிற்று. கராம்பு அக்காலத்தில் விளைந்த இடம் தொலைகிழக்கிலுள்ள மொலுக்காத் தீவுகள் என்பதை எண்ணிப் பாருங்கள்! சோழர் காலத்தில் இந்நகர் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. தாழி குமரன் என்பான் இங்கே இராசராசேச்சுரம் என்னும் கோயிலை எடுத்தான் என்று கல்வெட்டுச் சொல்லும். பல நாட்டாரும் பல சமயத்தாரும் கூடி வாழ்ந்ததனாலேயே இந்நகர் செழித்தது.

இரண்டாவது, இழப்பின் வரலாறு. இதனை நாம் முழுமையாகச் சொல்லவேண்டும். 1544-ல், மன்னாரிலே கிறித்தவம் தழுவிய எளிய மக்கள் யாழ்ப்பாணத்து அரசன் ஆணையாற் கொல்லப்பட்டனர். 1560-ல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். கேதீச்சரம் இடிக்கப்பட்டு, அதன் கற்கள் அக்கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழி வரும் செய்தி. ஒன்றை மட்டும் நினைந்து மற்றதை மறப்பவன் வரலாறு கற்றவனாகான்.

மூன்றாவது, மீட்சி. காடு மூடிக் கிடந்த தலத்தை 1872-ல் ஆறுமுக நாவலர் சைவ மக்களுக்கு நினைவூட்டினார். 1893-ல் அந்நிலம் ஏலத்தில் வாங்கப்பட்டது. பின்னர் அகழ்ந்தபோது பழைய சிவலிங்கம் வெளிப்பட்டது. 1948-ல் சேர் கந்தையா வைத்தியநாதனின் முயற்சியாலே திருப்பணிச் சபை தோன்றியது. 1990-ல் போரினால் ஊர் மக்கள் இடம்பெயர்ந்தனர். வழிபாடு மீண்டும் தடைப்பட்டது. இந்திய அரசின் உதவியோடு கருங்கல்லில் எழுந்த புதுக்கோயிலுக்கு 2022-ல் குடமுழுக்கு நிகழ்ந்தது. நாவலர் குரலுக்கும் இதற்கும் இடையே சென்றவை 150 ஆண்டுகள்!

தரிசனம் முடிந்தபின் தீவுக்கும் செல்க. பாலத்தைக் கடந்ததும் கோட்டை. பள்ளிமுனையிலே பருத்த பெருக்க மரம். தென்கரையில் 2020-ல் தொடங்கிய காற்றாலைகள், மொத்தம் 30, வானளாவ நின்று சுழலும். போரினால் நின்றுபோன தலைமன்னார் இரயில் 2015-ல் மீண்டும் ஓடத் தொடங்கியது. தலைமன்னார்த் துறையிலே 1914 முதல் தனுக்கோடிக்குக் கப்பல் ஓடிற்று. 1964 டிசெம்பர்ப் புயல் தனுக்கோடியை அழித்தது. பின்னர் இராமேச்சுரத்துக்கு ஓடிய கப்பலும் 1984-ல் நின்றது. அங்கே நின்று மேற்கே நோக்குங்கள். சம்பந்தரும் சுந்தரரும் நின்று பாடியது அந்தத் திசையிலேதான்.

நிறைவாக இரண்டு வேண்டுகோள். மேட்டிலே கிடக்கும் ஓட்டுத் துண்டு ஒன்றையேனும் நினைவுப் பொருளென எடுத்து வாராதீர். கிடந்த இடத்திற் கிடந்தாலன்றோ அது வரலாறு பேசும்! இரண்டாவது, 2019-ம் ஆண்டுச் சிவராத்திரி வேளையிலே, கோயில் வீதி வளைவு பற்றிச் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் பிணக்கு எழுந்ததை நாம் அறிவோம். நம் உரிமையைச் சட்டவழியே காப்போம். அயலாரைப் பகையாக எண்ணோம். அவரும் இம்மண்ணின் தமிழரே.

சிவராத்திரியன்று பாலாவியிலே நீர் முகந்து, அடியார் தங்கள் கையாலேயே இலிங்கத்துக்கு அபிடேகம் செய்வர். அங்கே செல்வர் குடமென்றும் ஏழை குடமென்றும் பிரிவில்லை. அந்நீரைச் சுமக்கும் கை பகையையும் சுமக்கலாகாது. இளைஞர்காள், இதனை நெஞ்சிற்கொண்டு யாத்திரை புறப்படுவீர்! திருவருள் துணை நிற்பதாக.