எம்.டி.எஸ். வாசலில் இன்னொரு பட்டம்: நெல்லியாளத்தை முன்வைத்து

பி.டி.எஸ். நான்கு ஆண்டும் பயிற்சி ஓராண்டும் முடித்து, எம்.டி.எஸ். நுழைவுத் தேர்வில் விரும்பிய துறை கிடைக்காமல் நிற்கும் பட்டதாரிக்கு வீட்டிலும் கல்லூரியிலும் ஒரே யோசனைதான் சொல்லப்படுகிறது: சும்மா இருப்பதற்கு இன்னொரு பட்டம் வாங்கி வை. பொது சுகாதாரத்தில் எம்.பி.எச்., மருத்துவமனை நிர்வாகத்தில் எம்.பி.ஏ. என்று கையில் கிடைப்பதில் சேர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பட்டம் சிறப்புத் துறைப் பயிற்சிக்கு வழி திறக்குமா என்று கேட்டால், இந்தியாவில் ஒரு மதிப்பெண் அளவுக்குக்கூடத் திறக்காது என்பதே விடை. அப்படித் திறக்கும்படி விதியை மாற்ற வேண்டும் என்று சில ஆசிரியர்கள் சொல்வதையும் இக்கட்டுரை ஏற்கவில்லை. காரணங்களை ஆராய நீலகிரியின் மேற்கு விளிம்பில், பந்தலூர் வட்டத்தில் உள்ள நெல்லியாளத்தை எடுத்துக்கொள்கிறேன். பல் மருத்துவக் கல்லூரிகள் குவிந்திருக்கும் சென்னையிலிருந்து பார்த்தால் தெரியாத சில கணக்குகள் அங்கிருந்து பார்த்தால் தெரிகின்றன.

எம்.டி.எஸ். சேர்க்கை 2017ஆம் கல்வியாண்டிலிருந்து பெரும்பாலும் நீட் எம்.டி.எஸ். என்ற ஒரே தேர்வின் கீழ் வந்துவிட்டது. 240 வினாக்கள், மூன்று மணி நேரம், 960 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு. அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி, நிர்வாக ஒதுக்கீடு, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எதுவானாலும் இந்தத் தரவரிசை வழியாகத்தான் போக வேண்டும். நேர்காணல் கிடையாது. பரிந்துரைக் கடிதம், ஆய்வுக் கட்டுரை, தங்கப் பதக்கம் எதையும் கேட்பதில்லை. இரண்டு பேர் ஒரே மதிப்பெண் வாங்கினால் யார் முன்னால் என்று தீர்மானிக்கும் விதிகளிலும் கூடுதல் பட்டத்துக்கு இடமில்லை. ஆகவே எம்.பி.எச். படித்த இரண்டு ஆண்டு, தேர்வின் பார்வையில், படிக்காமல் போன இரண்டு ஆண்டாகவே கழிகிறது. நோய்ப்பரவல் கணக்கும் ஆய்வு முறையும் கற்றவர் பொது சுகாதாரப் பல் மருத்துவ வினாக்களில் கொஞ்சம் வேகமாக விடையளிக்கலாம். உடற்கூறியலிலிருந்து பல் சீரமைப்பு வரை விரிந்த வினாத்தாளில் அது சிறு பங்கு. அதே காலத்தைப் பயிற்சி மையத்தில் கழித்தவர் அவரைத் தாண்டிப் போய்விடுவார்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் சிறப்புப் பயிற்சிக்கான தேர்வு கோப்பைப் பார்த்து நடக்கிறது: கல்லூரி மதிப்பெண், ஆசிரியர் கடிதம், தன் நோக்கத்தை விளக்கும் கட்டுரை, நேர்காணல். 2012 தொடக்கத்தில் அங்குள்ள தேசிய வாரியத் தேர்வு, மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் அறிவிக்கும் முறைக்கு மாறியது. எண்ணால் வடிகட்டிப் பழகிய துறைகள் அதன்பின் வேறு அடையாளங்களைத் தேட வேண்டியிருந்தது. அந்தச் சூழலில் ஆய்வு அனுபவமோ முதுநிலைப் பட்டமோ ஒரு விண்ணப்பதாரரைத் தனித்துக் காட்டக்கூடும். எண் கேட்டவர்களுக்காக 2016இல் தனியே ஒரு தேர்வும் வந்தது என்பது வேறு கதை. இந்தியாவில் பி.டி.எஸ். முடித்து அமெரிக்கா போகிறவர்கள் முதலில் எம்.பி.எச். அல்லது எம்.எஸ். படித்துவிட்டு, பிறகு அங்குள்ள பல் மருத்துவப் பட்டப்படிப்பில் இடைநிலைச் சேர்க்கைக்கு விண்ணப்பிப்பதும் இதே தருக்கத்தால்தான். அவர்களுக்கு அந்தப் பட்டம் உண்மையிலேயே பயன்படுகிறது. அந்த நாட்டுக் கல்விச்சூழலில் அவர்களைத் தெரிந்த ஓர் ஆசிரியரையும், கடிதம் எழுத ஒரு கையையும் அது பெற்றுத் தருகிறது.

பட்டம் வெறும் அலங்காரமாக நிற்காமல் கட்டாயமாகவே ஆகும் இடமும் உண்டு. பிரிட்டனில் முக-தாடை அறுவை நிபுணராக விரும்புபவர் மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் பட்டம் பெற்றிருக்க வேண்டும். அமெரிக்காவில் அதே துறைக்கு நான்காண்டுப் பயிற்சியும் உண்டு, எம்.டி. பட்டத்தையும் சேர்த்துத் தரும் ஆறாண்டுப் பயிற்சியும் உண்டு. இந்தியாவிலோ பி.டி.எஸ்.ஸுக்குப் பின் மூன்று ஆண்டு எம்.டி.எஸ். படித்தால் போதும், எம்.பி.பி.எஸ். கேட்பதில்லை. ஒரே அறுவையை மூன்று நாடுகள் மூன்று விதமாகப் பயிற்றுவிக்கின்றன. எனவே கூடுதல் பட்டம் உதவுமா என்பதற்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான பதில் இருக்க முடியாது. சேர்க்கைக் குழு எதைப் படிக்கிறது என்பதைப் பொறுத்தே பதில் அமையும். அமெரிக்கச் சூழலுக்குப் பிறந்த அறிவுரையை அப்படியே எடுத்து நீட் எழுதப் போகும் பந்தலூர் பிள்ளைக்குச் சொல்வதுதான் சிக்கல்.

நம் ஊர்ச் சேர்க்கையில் தேர்வு எண்ணைத் தவிர வேறொன்றுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அது பட்டத்துக்கு அல்ல, பணிக்கு. பல் மருத்துவக் கவுன்சிலின் 2017 எம்.டி.எஸ். விதிகள், அரசுப் பணியில் இருந்துகொண்டு தொலைதூர, கடினமான, கிராமப்புறப் பகுதிகளில் வேலை செய்தவர்களுக்கு ஆண்டுக்கு, அவர்கள் பெற்ற மதிப்பெண்ணில் 10% வரை, அதிகபட்சம் 30% வரை ஊக்க மதிப்பெண் தர மாநிலங்களுக்கு இடமளிக்கின்றன. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மூன்று ஆண்டு மலைப்பணி முடித்தவர் 300 வாங்கினால் 90 கூடி 390 ஆகிறது. இரண்டு ஆண்டு எம்.பி.எச். படித்தவரின் 300, முந்நூறாகவே நிற்கிறது. அரசுப் பணியில் இருப்போருக்கு முதுநிலை மருத்துவ இடங்களில் தனி ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கில் சொன்னதும் இதே திசையில்தான். சேர்க்கையில் சமூகத் தேவையை நுழைக்க வழி இருக்கிறது. அந்த வழி, படித்தது என்ன என்று பார்ப்பதைவிட எங்கே வேலை செய்தாய் என்று பார்க்கிறது.

இந்த ஊக்கத்தில் ஒரு கோணல் உண்டு, அதிகம் பேசப்படாதது. சதவீதம் பெற்ற மதிப்பெண்ணின் மேல் ஏறுவதால், 500 வாங்கியவருக்கு 150, 300 வாங்கியவருக்கு 90. நகரத்தில் பயிற்சி மையம் போய்விட்டு மலைக்கு வந்தவருக்கும் மலையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் ஒரே மூன்று ஆண்டு வேறு வேறு கூலி தருகிறது. அதைவிட முக்கியம், உச்சவரம்பு மூன்றாம் ஆண்டோடு முடிவது. நான்காம் ஆண்டு நெல்லியாளத்துப் பக்கம் தங்கினால் தரவரிசையில் ஒன்றும் கூடாது. நோயாளிகளின் பெயரும் குடும்பமும் மருத்துவருக்குப் பழகியிருக்கும் நேரத்தில் மாற்றல் கேட்கும் மனுவை எழுத வைக்கிறது விதி. தவிர, அரசுப் பணியில் நுழைவதே அரிது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பல் மருத்துவர் பதவிக்கு அறிவிப்பு வெளியிடுவது ஆண்டுதோறும் வரும் திருவிழா அல்ல.

இனி நெல்லியாளம். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களைக் குடியமர்த்தவே அரசு இந்தப் பகுதியில் தேயிலை நட்டது. அந்தத் தோட்டங்களை நடத்தும் டான்டீ நிறுவனத்தின் கோட்டங்களில் நெல்லியாளமும் ஒன்று. அவர்களோடு பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் போன்ற பழங்குடியினரும், மலையாளமும் கன்னடமும் பேசுவோரும் வாழ்கிறார்கள். கொழுந்து பறிக்கும் வேலையில் வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் பசியையும் அலுப்பையும் ஒத்திப்போட உதவுகிறது; பாக்கு கூடலூர், பந்தலூர்த் தோட்டங்களிலேயே விளைகிறது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை வகைப்படுத்தியது. இந்திய வயது வந்தோரில் 21.4% பேர் புகையற்ற புகையிலை பயன்படுத்துவதாக 2016–17 தேசிய அளவிலான புகையிலை ஆய்வு காட்டியது. வாய் திறக்க முடியாமல் இறுகும் சளிப்படலத் தழும்பு நோயும், கன்னத்து உட்புற வெள்ளைத் திட்டும் புற்றாக மாறும் முன் கண்ணில் பட வேண்டியவை.

அவற்றைக் கண்ணில் பட வைக்கத் தேவைப்படுவது நாற்காலியில் உட்கார வைத்து ரூட் கேனால் செய்யும் கை மட்டுமல்ல. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயங்களில் எதில் எத்தனை பேர் மெல்லுகிறார்கள், எந்த வயதில் தொடங்குகிறார்கள், பரிசோதனை நாளை எப்போது வைத்தால் ஒருநாள் சம்பளம் போகாமல் பெண்கள் வர முடியும் என்று கணக்கெடுக்கும் பழக்கமும் வேண்டும். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் மருத்துவ வசதியைக் கட்டாயமாக்கியது. பல்லும் வாயும் அதில் முன்னுரிமை பெற்றதாகச் சொல்ல முடியாது. கூடலூரில் அஸ்வினி அமைப்பு பழங்குடியினரிடையே அவர்களுக்குள்ளிருந்தே சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்து மருத்துவமனையைக் கிராமத்தோடு இணைத்தது, இத்தகைய வேலை இந்த மலையில் நடக்கக்கூடியதே என்பதற்குச் சான்று. சுருங்கச் சொன்னால், சேர்க்கைக் கணினி பூஜ்யம் போடும் எம்.பி.எச். பாடத்திட்டம்தான் நெல்லியாளத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அறிவைப் பல் மருத்துவத்துக்குள்ளேயே தரும் எம்.டி.எஸ். துறை ஏற்கெனவே இருக்கிறது. கவுன்சில் அங்கீகரித்த ஒன்பது துறைகளில் பொது சுகாதாரப் பல் மருத்துவமும் ஒன்று. கலந்தாய்வில் பல் சீரமைப்பும், வேர்ச் சிகிச்சையும், முக-தாடை அறுவையும் முதலில் தீர்ந்துபோக, இந்தத் துறையும் வாய் நோய்க்குறியியலும் கடைசி வரை மிஞ்சுகின்றன. மிஞ்சும் இடங்களை நிரப்பத் தகுதிப் பெர்சன்டைலை மத்திய அரசு சில ஆண்டுகளில் குறைத்ததும் உண்டு. அப்படியென்றால் எம்.டி.எஸ். இடமே கிடைக்காததால் ஒருவர் எம்.பி.எச். போகிறார் என்று சொல்வது பெரும்பாலும் சரியல்ல. கிளினிக் வருமானம் தரும் துறை கிடைக்காததால் போகிறார். அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. தனியார் கல்லூரியில் கட்டிய பி.டி.எஸ். கட்டணம் அவர் குடும்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பொது சுகாதாரப் பல் மருத்துவம் முடித்தவருக்கென்று வட்ட அரசு மருத்துவமனையில் தனிப் பதவியும் இல்லை. கல்லூரி ஆசிரியர் வேலையே அவருக்குப் பெரிதும் எஞ்சும் வழி, அந்தக் கல்லூரிகளோ சமவெளியில்.

எம்.பி.எச். போன்ற பட்டத்துக்கும் சில மதிப்பெண் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. அப்படி ஒரு விதி வந்த மறுகல்வியாண்டில் தொலைநிலையிலும் வார இறுதியிலும் எம்.பி.எச். விற்கும் நிறுவனங்கள் முளைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகளைத் தொடரப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அனுமதித்தபின் அதற்கான சந்தை தயாராகவே இருக்கிறது. சேர்க்கையில் மதிப்பெண் தரும் பட்டத்தை வாங்கக் கூடியவர் கட்டணம் கட்ட முடிந்தவர். தேயிலைத் தோட்டத்து வீட்டிலிருந்து முதல் தலைமுறையாக வந்த பல் மருத்துவர் அல்ல. நான்கும் ஒன்றும் இரண்டும் மூன்றும் கூட்டினால், பிளஸ் டூவுக்குப் பின் பத்து ஆண்டு. பெண்ணானால் அந்தப் பத்துக்குள் கல்யாணப் பேச்சும் வந்து உட்காரும். ஒற்றைத் தேர்வு பயிற்சி மையப் பணத்துக்குச் சாதகம் என்ற குற்றச்சாட்டு நியாயமானது. அதற்குப் பரிகாரம் தேடி இன்னொரு கட்டணக் கதவைத் திறப்பது முரண்.

ஆகவே மாணவருக்கு நேராகச் சொல்லக்கூடியது இவ்வளவே: எம்.டி.எஸ்.தான் இலக்கு என்றால் எம்.பி.எச். எடுக்காதீர்கள். வெளிநாட்டில் படிப்பைத் தொடர எண்ணினால், அந்த நாட்டிலேயே எடுங்கள். பொது சுகாதாரமே வேலையாக வேண்டும் என்றால் எம்.டி.எஸ்.ஸுக்குக் காத்திருக்காமலே எடுங்கள். திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம் போன்ற இடங்கள் பி.டி.எஸ். பட்டதாரிகளை ஏற்கின்றன.

விதி வகுப்போருக்குச் சொல்ல வேண்டியது வேறு. 1948 பல் மருத்துவர் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் நிறைவேறிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம், உரிமம் பெறவும் முதுநிலைச் சேர்க்கைக்கும் ஒரே இறுதித் தேர்வைக் கொண்டுவர வழி செய்கிறது. வாசல் மறுபடி ஒற்றை எண்ணாகவே இருக்கப்போகிறது. அந்த விதிகள் எழுதப்படும்போது ஊக்க மதிப்பெண்ணின் மூன்றாண்டு வரம்பை ஒரே பகுதியில் தொடர்ந்து இருப்போருக்குத் தளர்த்தலாம். அத்துடன் பெற்ற மதிப்பெண்ணின் சதவீதமாகத் தராமல் எல்லோருக்கும் சமமான நிலையான எண்ணாகவும் தரலாம். அதோடு கூடலூர், பந்தலூர் இரண்டு வட்டங்களுக்கும் சேர்த்து ஒரு பொது சுகாதாரப் பல் மருத்துவர் பதவியை மாநில அரசு உருவாக்கினால், எம்.டி.எஸ். கலந்தாய்வில் இன்று மிஞ்சும் அந்த இடத்தைத் தேடி எடுப்பவர் ஒருவராவது இருப்பார்.