வழிநடையும் கையெழுத்தும்

மூலத்தைப் பார்த்துப் படியெடுத்து எழுதுதல் தொடக்கப்பள்ளிச் சிறுவர்க்கு மட்டும் உரியது என்று கருதுவோர் பலர். ஜப்பானியரின் எழுத்து வரலாறு இக்கருத்துக்கு மாறானது. அந்நாட்டில் கையெழுத்துப் பயிற்சியும் இலக்கியக் கல்வியும் பயணக் குறிப்பும் பல நூற்றாண்டுகளாகப் பின்னிப் பிணைந்தே வளர்ந்துள்ளன.

தோசா மாநிலத்தின் ஆளுநராகப் பணியாற்றிய கி நோ சுராயுக்கி, பதவிக் காலம் முடிந்து 934ஆம் ஆண்டின் இறுதித் திங்களில் தலைநகருக்குப் புறப்பட்டார். அப்பயணம் 55 நாள் நீடித்தது. அக்காலத்தில் ஆடவர் நாட்குறிப்பைச் சீன எழுத்திலேயே எழுதுவது வழக்கம். சுராயுக்கியோ தம்மை ஒரு பெண்ணாகப் பாவித்து, கானா எனும் எளிய ஒலியெழுத்தில் ‘தோசா நிக்கி’யை இயற்றினார். தோசாவில் இறந்துபோன சிறுமியை எண்ணி எண்ணி உருகும் துயரம் அந்நூல் முழுவதும் இழையோடுகின்றது.

ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழிந்தன. 1235ஆம் ஆண்டில், கியோட்டோ நகரின் ரெங்கேயோயின் கோயிற் கருவூலத்தைச் சேர்ந்த சுராயுக்கியின் கையெழுத்து மூலத்தைக் காணும் பேறு புகழ்பெற்ற கவிஞர் புஜிவாரா நோ தெய்க்காவுக்கு வாய்த்தது. அப்போது அவர் எழுபது வயதைக் கடந்த முதியவர், கண்பார்வையும் குன்றியிருந்தது. ஆயினும் ஆர்வம் உந்த, தாமே அதனைப் படியெடுத்தார். பெரும்பகுதியைத் தம் வழக்கப்படியே எழுதிச் சென்ற அவர், இறுதிப் பகுதியில் மட்டும் சுராயுக்கியின் எழுத்து வடிவத்தையே பின்பற்றி வரைந்தார். பழம்புலவரின் கை எவ்வாறு ஓடியது என்பதைப் பின்வருவோர் காண வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

மறு ஆண்டு தெய்க்காவின் மகன் தமேயியே அதே மூலத்தை எழுத்து மாறாமல் படியெடுத்தார். பின்னாளில் மூல ஏடு மறைந்துபோயிற்று. தந்தை எழுத்துக்கூட்டலில் தம் முறையைப் புகுத்திய இடங்கள் உண்டு. அத்தகைய இடங்களில் மூலத்தின் சொல்லை அறிய ஆய்வாளர் மகனின் படியையே பெரிதும் நம்புகின்றனர். மூலத்தின் சொல்லை மகனின் படி காத்தது. மூலத்தின் கையெழுத்துச் சாயலைத் தந்தையின் படி காத்தது. இரண்டனுள் ஒன்று இல்லாதிருப்பினும் இழப்பு பெரிதாயிருக்கும்.

எடோ காலத்தில் இப்பயிற்சி பொதுமக்களிடமும் பரவியது. ‘தெரகோயா’ எனப்பட்ட திண்ணைப்பள்ளிகளில் வணிகர், உழவர் வீட்டுப் பிள்ளைகள் தூரிகை பிடித்து எழுதினர். ஒரே தாளில் மீண்டும் மீண்டும் எழுதி, தாள் முழுதும் கருமையாகும் வரை பழகினர். அவர்களுக்கு வழங்கிய கையெழுத்துப் பாடநூல்களுள் ‘தொக்காய்தோ ஓராய்’ ஒன்று. எடோவையும் கியோட்டோவையும் இணைத்த, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீண்ட பெருவழியில் அமைந்த 53 தங்கல் ஊர்களின் பெயர்களைச் சொல்நயத்தோடு கோத்த பாட்டு அது. ஊர் எல்லையைத் தாண்டாத சிறுவனும் அதனை எழுதி எழுதியே நாட்டின் நெடுவழியை அறிந்தான்.

1689இல் கவிஞர் மட்சுவோ பாஷோ, மாணாக்கர் சோராவுடன் வடநாட்டை நோக்கி நடந்தார். அப்பயணத்தின் பயனாக விளைந்த ‘ஓக்கு நோ ஹொசோமிச்சி’யை அவர் பல்லாண்டு திருத்தினார். 1694இல் சோர்யூ என்பவர் அதனை அழகிய கையெழுத்தில் படியெடுத்தார். அவ்வாண்டே பாஷோ மறைந்தார். நூல் 1702இல் அச்சேறியது. பாஷோவின் கையெழுத்தே என அறிஞர் பலர் கொள்ளும் ஏடொன்று 1996இல் வெளிப்பட்டது. அதில் 70க்கும் மேற்பட்ட இடங்களில் தாள்துண்டுகளை ஒட்டித் திருத்தியிருப்பதைக் காணலாம். எளிமையாய்த் தோன்றும் நடை எத்துணை உழைப்பில் உருவாயிற்று என்பதற்கு இதுவே சான்று.

2006இல் இந்நூலின் பகுதிகளை மங்கலான எழுத்தில் அச்சிட்டு, அவற்றின் மேல் பென்சிலால் எழுதிப் பழகும் நூலொன்று ஜப்பானில் வெளிவந்து பெருமளவில் விற்பனையாயிற்று. விசைப்பலகைக்குப் பழகிவிட்ட முதியோரும் அதனை விரும்பி வாங்கினர்.

கண் விரைந்து கடக்கும் சொல்லிடத்தும் கை நின்றே ஆகவேண்டும். அங்ஙனம் நின்று பொறுமையோடு எழுதியோர் இருந்தமையால்தான், ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு குழந்தைக்காக எழுந்த அழுகுரல் இன்றும் கேட்கின்றது. மாணவரிடம் படியெடுக்கும் பணியைத் தரும் ஆசிரியர் இதனை எடுத்துரைப்பின், அப்பணி தண்டனையாகத் தோன்றாது.