ஆற்றில் இறங்கிய சீமன்

நாய் வளர்ப்போர் பலர். தாம் வளர்த்த நாயைப் பற்றி எழுதி வைத்தோர் மிகச் சிலர். அத்தகைய குறிப்புகள் கிடைக்குமாயின், ஒருவர் தம் நாயிடம் எத்துணைப் பொறுப்போடு நடந்துகொண்டார் என்பதை அவர் எழுத்தைக் கொண்டே அளந்தறியலாம். வட அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து, பசிபிக் மாக்கடலைக் கண்டு மீண்ட மெரிவெதர் லூயிஸ் அச்சிலருள் ஒருவர். 1803 முதல் 1806 வரை அவரும் அவர்தம் தோழர்களும் எழுதிய நாட்குறிப்புகளில் சீமன் என்னும் நாய் ஆங்காங்கே தலைகாட்டுகிறது. ஓரிடத்தில் ஒரு வரி, மற்றோரிடத்தில் இரண்டு வரி. பல வாரங்கள் ஒன்றுமே இல்லை. ஆயினும் அவ்வரிகளை ஒன்றுசேர்த்துப் படிப்போர்க்கு, அன்புள்ள ஓர் உரிமையாளர் எங்கே கண்ணுங் கருத்துமாய் இருந்தார், எங்கே நாயின் திறமையை நம்பித் தம் கடமையில் தளர்ந்தார் என்பது புலனாகும். அத்தளர்ச்சி மிகுதியாய் வெளிப்பட்ட இடம் ஆறேயாகும்.

1803 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடு, லூசியானா என்னும் பரந்த நிலப்பகுதியைப் பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கியது. மிசூரி ஆற்றின் வழியே மேற்கு நோக்கிச் சென்று, கடல்வரை வழி காணுமாறு அதிபர் தாமஸ் ஜெபர்சன் தம் செயலாளராய் இருந்த லூயிஸைப் பணித்தார். வில்லியம் கிளார்க் உடன் தலைவரானார். பயணத்தின் பெரும்பகுதி நீர்வழியே. ஆதலின், லூயிஸ் தேர்ந்தெடுத்த நாயும் நீருக்கென்றே பிறந்த இனத்தைச் சேர்ந்தது. நியூஃபவுண்ட்லாந்து தீவின் மீனவர்கள் வளர்த்த இனம் அது. பேருடலும், நீர் எளிதில் ஊறாத இரட்டை மயிர்ப்போர்வையும், விரல்களுக்கிடையே தோலும் கொண்டது. வலை இழுக்கவும், படகிலிருந்து கரைக்குக் கயிறு கொண்டு செல்லவும் பயன்பட்டது.

அந்நாய்க்கு லூயிஸ் கொடுத்த விலை 20 டாலர். படைத்தலைவராகிய அவருடைய மாத ஊதியம் 40 டாலர். சாதாரணப் படைவீரனின் ஊதியமோ மாதம் 5 டாலர். ஒரு வீரன் நான்கு மாதம் உழைத்துப் பெறும் தொகையை ஒரு நாய்க்காகத் தந்தவர், அதனை எளிதில் கைவிடமாட்டார். 1803 நவம்பர் 16 ஆம் நாள் ஷானி இனத்தவர் ஒருவர் மூன்று பீவர் தோல்களைத் தருவதாகச் சொல்லி நாயைக் கேட்டார். லூயிஸ் மறுத்துவிட்டார்.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே சீமன் தன் திறமையைக் காட்டியிருந்தது. செப்டம்பரில், ஒகாயோ ஆற்றைக் கூட்டங்கூட்டமாய் நீந்திக் கடந்த அணில்களை அது நீரிலேயே பிடித்துக் கொன்று படகிற்குக் கொண்டுவந்தது. கொழுத்த அணில்கள், பொரித்தபோது சுவையாக இருந்தன என்று லூயிஸ் எழுதுகிறார். நாயை நீரில் ஏவுவதும், அது கொண்டுவருவதை உண்பதும் அன்றே வழக்கமாயின. வழக்கமாகிவிட்ட ஒன்றை எவரும் மீண்டும் ஆராய்வதில்லை. 1804 சூலை 5 ஆம் நாள் மிசூரி ஆற்றங்கரையில் பீவர்களின் குடில்களுள் நாயே நுழைந்து, அவற்றை வெளியே விரட்டியது. அதனைக் கண்டு யாரும் கவலையுற்றதாகத் தெரியவில்லை.

பீவர் என்பதை நம்மவர் சிலர் நீர்நாய் என எழுதுவர், அது பொருந்தாது. நீர்நாய் மீன் தின்னும் ஊனுண்ணி. பீவரோ மரப்பட்டையும் தழையும் தின்னும் பெரிய கொறிவிலங்கு. ஆயினும் உளி போன்ற முன்பற்களால் மரத்தையே கடித்து வீழ்த்தி அணை கட்ட வல்லது. மரத்தை வீழ்த்தும் பற்கள் நாயின் காலை என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

1805 ஆம் ஆண்டின் இளவேனிலில் குழுவினர் இரண்டு பெரும்படகுகளிலும் ஆறு சிறு படகுகளிலும் மிசூரியின் மேற்பகுதியில் ஏறிச்சென்று கொண்டிருந்தனர். நீரோட்டம் கடுமையானது. கரைகள் அடிக்கடி அரிக்கப்பட்டுச் சரிந்து ஆற்றில் விழும். பல இடங்களில் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டியே இழுத்தனர். ஆண்களே திணறும் அந்த ஆற்றில் நாய் மட்டும் தடையின்றி இறங்கியும் ஏறியும் வந்தது. ஏப்பிரல் 24 ஆம் நாள் இரவு முழுதும் அதனைக் காணவில்லை. அடியோடு இழந்துவிட்டோமோ என லூயிஸ் அஞ்சினார். மறுநாள் காலை 8 மணிக்கு அது திரும்பி வந்தபோது மகிழ்ந்தார். நாய் கட்டப்படாமல் தன் விருப்பப்படி திரிந்தது என்பதற்கு இக்குறிப்பே சான்று.

மே 19 ஆம் நாள் வந்தது. குழுவினருள் ஒருவர் ஒரு பீவரைச் சுட்டார். அது சாகவில்லை, காயத்தோடு நீரில் கிடந்தது. வழக்கம்போல் சீமன் நீந்திச் சென்று அதனைப் பற்ற முயன்றது. பீவர் திரும்பி நாயின் பின்னங்காலைக் கடித்தது. பற்கள் காலை ஊடுருவி நாடியை அறுத்துவிட்டன.

நாடி அறுபட்டால் குருதி துடிப்போடு பீறிட்டு வெளியேறும்; சில நிமிடங்களே உயிரைத் தீர்மானிக்கும். நீரில் இருக்கும் உடலில் புண்ணை எவரும் அழுத்திப் பிடிக்க இயலாது. நீரும் குருதியை உறையவிடாது. நாய் கரை சேரும்வரை இழந்த குருதி எவ்வளவோ! குழுவில் மருத்துவர் ஒருவரும் இல்லர். ஆயினும் லூயிஸ் முற்றிலும் அறியாதவர் அல்லர். மூலிகை மருத்துவத்தில் பெயர்பெற்ற தாயாரிடம் வளர்ந்தவர். பயணத்திற்கு முன் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் ரஷ் என்னும் புகழ்பெற்ற மருத்துவரிடம் அறிவுரை பெற்றவர். மருந்துப்பெட்டியில் குருதிப்போக்கை நிறுத்தும் இறுக்குக் கட்டுகளையும் கொண்டு சென்றவர். பெருமுயற்சிக்குப் பின்னரே குருதியை நிறுத்த முடிந்தது என்றும், நாய் பிழைக்காது என அஞ்சுவதாகவும் அவர் எழுதியுள்ளார்.

நாய் பிழைத்தது. ஒன்பது நாள்கள் கழித்து, மே 28 ஆம் நாள் இரவில், ஒரு காட்டெருது ஆற்றை நீந்திக் கடந்து, கரையில் கட்டியிருந்த பெரும்படகின்மேல் ஏறி, உறங்கிக் கொண்டிருந்தோரின் தலைகளுக்கு மிக அருகே பாய்ந்தோடியது. தலைவர்களின் கூடாரத்தை நோக்கி அது வந்தபோது சீமன் எதிர்கொண்டு திசைதிருப்பியது. தம்மைக் காத்தது தம் நாயே என்று லூயிஸ் ஒப்புக்கொள்கிறார். காக்கப்பட்ட உயிர் காத்த உயிராயிற்று எனச் சொல்லி இக்கதையை இங்கேயே நிறுத்தும் நூல்கள் உண்டு. வரலாறு அங்கே நிற்கவில்லை. சூலை 15 ஆம் நாள், காயமுற்ற மான் ஒன்று ஆற்றுக்குள் பாய்ந்தது. சீமன் பின்தொடர்ந்து நீந்தி, அதனைப் பிடித்து, மூழ்கடித்து, கரைக்கு இழுத்து வந்தது. காயம்பட்ட விலங்கு, அதே ஆறு, அதே நாய். இடையில் கழிந்தவை இரண்டு மாதங்களுக்கும் குறைவு. உணவுக்கு வேட்டையே கதி என்றிருந்த குழு அது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், சுட்ட குறி தவறியோரின் பிழையை நாய் தன் உடலால் ஈடுசெய்ய நேர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. நன்றாக நீந்தும் நாய்தான் நீரில் மிகுதியாக ஏவப்படுகிறது. வேட்டையை விரட்டும்போது அது தன் களைப்பையும் நீரோட்டத்தையும் கரையேறும் வழியையும் கணக்கிடுவதில்லை. அக்கணக்கு கரையில் நிற்பவருடையது.

நிலத்தில் நாய் பட்ட துன்பங்களை லூயிஸ் கூர்ந்து நோக்கியிருக்கிறார். 1805 சூலை 26 ஆம் நாள், ஊசிபோன்ற புல்விதைகள் அதன் உடலில் தைத்து, ஓயாமல் கடித்தும் சொறிந்தும் வருந்தச் செய்தன என எழுதுகிறார். 1806 சூலை 15 ஆம் நாள், கொசுக்கடி தாங்காமல் நாய் ஊளையிட்டது என எழுதுகிறார். நாட்குறிப்புகளில் நாயைப் பற்றிய கடைசிச் செய்தி அதுவே.

அன்பு அளவு மீறிய தருணமும் ஒன்றுண்டு. 1806 ஏப்பிரல் 11 ஆம் நாள், கொலம்பியா ஆற்றங்கரைவாசிகள் மூவர் சீமனைத் தங்கள் ஊர்ப்பக்கம் ஓட்டிச் சென்றனர். லூயிஸ் உடனே மூன்று வீரர்களை அனுப்பினார். நாயை ஒப்படைக்கச் சிறிதேனும் எதிர்ப்புக் காட்டினால் சுட்டுவிடுமாறு ஆணையிட்டார். அவர்கள் நாயை விட்டுவிட்டு ஓடிப்போனதால் உயிர்ச்சேதம் நேரவில்லை. ஒரு நாய்க்காக மனிதரைச் சுட ஆணையிட்டதை எவ்வகையில் சரியென்பது? இத்தனைக்கும் அதே குழுவினர், உணவு கிட்டாத நாள்களில் அப்பகுதி மக்களிடம் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களை விலைக்கு வாங்கிச் சமைத்து உண்டவர்கள். கிளார்க்கிற்கு அவ்விறைச்சி பிடிக்கவில்லை. லூயிஸோ விரும்பியே உண்டார். சீமனை மட்டும் எவரும் அடுப்புக்கு அருகே எண்ணிப் பார்க்கவில்லை. பெயர் பெற்ற நாய்க்கும் பெயரற்ற நாய்க்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவு.

அப்பெயரும் நெடுங்காலம் பிழையாகவே படிக்கப்பட்டது. தெளிவற்ற கையெழுத்தைப் படித்தவர்கள் அதனை ஸ்கேனன் என அச்சிட்டனர். பள்ளி நூல்களிலும் அப்படியே பரவியது. 1806 சூலையில், மொன்டானா பகுதியிலுள்ள ஓர் ஓடைக்கு லூயிஸ் 'சீமனின் ஓடை' எனப் பெயரிட்டிருந்தார். அவ்வூரில் வேறெவருக்கும் இல்லாத அப்பெயர் எங்கிருந்து வந்தது என ஆராய்ந்த டொனால்ட் ஜாக்சன் என்னும் வரலாற்றறிஞர், அது நாயின் பெயரே என 1980களில் நிறுவினார். மாலுமி என்று பொருள்படும் பெயர் நீரில் வாழ்ந்த நாய்க்குப் பொருத்தமே. அந்த ஓடை இன்று வேறு பெயரால் வழங்குகிறது.

லூயிஸ் 1809 அக்டோபர் 11 ஆம் நாள் டென்னசியில் ஒரு வழிப்போக்கர் விடுதியில், துப்பாக்கிக் காயங்களால் இறந்தார். நாய் அவரோடு இருந்ததா என்பதற்கு நாட்குறிப்பு ஏதுமில்லை. ஆனால் 1814 இல் திமோதி ஆல்டன் என்பார் வெளியிட்ட கல்லறை வாசகத் தொகுப்பில், வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியா நகரக் காட்சியகத்தில் இருந்த ஒரு நாயின் கழுத்துப்பட்டை பற்றிய குறிப்பு உள்ளது. லூயிஸின் கல்லறையை விட்டு அகலாமல், உணவையும் மறுத்து அந்நாய் உயிர்விட்டது என்று அவர் சேர்த்துரைப்பதை அப்படியே ஏற்கத் தயங்குவோர் உண்டு. கழுத்துப்பட்டை இன்று இல்லை. அதில் பொறித்திருந்த எழுத்துகளை மட்டும் ஆல்டன் படியெடுத்து வைத்தார்: நாயின் பெயர் சீமன், உரிமையாளர் கேப்டன் மெரிவெதர் லூயிஸ், அவரோடு கண்டத்தைக் கடந்து பசிபிக் மாக்கடல்வரை சென்று வந்தது.