“இப்போதுதானேம்மா வந்தே?”

ஐம்பது ஆண்டுகளுக்கு முன், என் மூத்த சகோதரி ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக உத்தியோகம் பார்த்துவந்த நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் முழுவதும் கூடத்துத் தரையில் அமர்ந்து, முதற் குழந்தையைத் தொடையில் கிடத்தித் தட்டிக்கொண்டே, ஒரு விண்ணப்பத்தை எழுதுவதும் கிழிப்பதும் மறுபடி எழுதுவதுமாகப் பொழுதைக் கழித்தாள். பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பி ஐந்து மாதங்கூட நிறையவில்லை. அதற்குள் மறுபடியும் நாள் தள்ளிப்போயிருந்தது. எழுதவேண்டியது நாலைந்து வரிதான். மறுநாள் அந்தத் தாளைத் தலைமைக் குமாஸ்தாவின் மேஜைமேல் அவள் வைத்தபோது, அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதை இரண்டு முறை படித்துவிட்டு, கோபமோ கேலியோ சிறிதும் இல்லாத குரலில், “இப்போதுதானேம்மா வந்தே?” என்று மட்டும் கேட்டாராம். அவர் நல்ல மனிதர். அக்காளின் கலியாணத்துக்கு வந்து மொய் எழுதியவர். ஆயினும் அன்று மாலை வீடு திரும்பியவள், முகங்கூடக் கழுவாமல், புழக்கடைத் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது என் நினைவை விட்டு இன்றளவும் அகலவில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பதும், அது அந்த ஒரு மேஜையில் மட்டும் பிறந்ததன்று என்பதும், பிற்காலத்தில் இந்நாட்டுத் தொழிற்சட்டங்களைப் படிக்க நேர்ந்தபோதுதான் எனக்குத் தெரியவந்தன.

கர்ப்பத்தை வெளியிட்டுச் சொல்வதில் நம் பாஷைக்கே ஒரு சங்கோசம் உண்டு. “முழுகாமல் இருக்கிறாள்” என்போம், “உண்டாகியிருக்கிறாள்” என்போம், மசக்கையைச் சொல்லி மற்றதை ஊகிக்க விட்டுவிடுவோம். மாமியாருக்கு முதலில் தெரிந்து, பின் தாய்வீட்டுக்குத் தகவல் போய், பெண்களின் வாய்வழியாகவே உலவி, புருஷர்களின் காதுக்குக் கடைசியாக வந்து சேரும் செய்தி அது. கைக்குழந்தை பால் மறக்குமுன்னே அடுத்தது தரித்துவிட்டாலோ, மடியில் ஒன்று வயிற்றில் ஒன்று என்று ஊரார் சொல்லிவிடுவார்களே என்ற கூச்சம் வேறு சேர்ந்துகொள்ளும். வயல் வேலையில் இதை எவரிடமும் சொல்லவேண்டிய அவசியமே இருந்ததில்லை. வயிறே சொல்லிவிடும், நடவுக்கு வராத நாளுக்குக் கூலியும் கிடையாது, அத்துடன் விஷயம் முடிந்தது. ஆனால் ஆலைச் சங்கும் ஆஜர்ப் பட்டியலும் வந்தபின், வராத நாளுக்கும் ஊதியம் உண்டு என்று ஒரு நியாயம் பிறந்தபின், குடும்பத்துப் பெண்களுக்குள் இரகசியமாக உலவிவந்த அந்தச் செய்தியை, முன்பின் உறவில்லாத ஓர் ஆண்மகனிடம், தேதி குறித்து, கையொப்பமிட்டு அவளே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியதாயிற்று.

அந்த நியாயம் எளிதில் பிறந்துவிடவில்லை. 1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு, பிரசவத்துக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் ஓய்வு என்று ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியபோது, இந்தியா அதை ஏற்கவில்லை. 1924-ல் தொழிலாளர் தலைவர் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் கொணர்ந்த பிரசவ உதவி மசோதா தோல்வியுற்றது. நான்காண்டு கழித்துப் பம்பாய் மாகாண சட்டசபையில் அதே பொருள் விவாதத்துக்கு வந்த சமயத்தில், டாக்டர் அம்பேத்கர் எழுந்து, தாய்க்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு கிடைப்பது தேசத்தின் நன்மைக்கே என்றும், ஆகவே அந்தச் சுமையில் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்பதே முறை என்றும், அந்த நிலை வரும்வரை முதலாளியும் தம் பொறுப்பிலிருந்து விலக இடமில்லை என்றும் வாதித்தார். 1929-ல் பம்பாயில் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1934-ஆம் வருஷத்துச் சட்டம் வந்தது. நாளொன்றுக்கு எட்டணா, அதுவும் சில வாரங்களுக்கு. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினும், பிள்ளை பெற்ற பத்தாம் நாள் ஆலை வாசலில் நின்ற ஒருத்திக்கு அந்த எட்டணா எத்தகையதென்பதை, அந்த வாசலில் நிற்காத நாம் அளந்து சொல்லிவிட முடியாது.

சட்டம் வந்தவுடன் ஒரு விபரீதமும் உடன் வந்தது. 1944-ல் அரசாங்கம் நியமித்த ரேகே குழு, தொழிலாளர் வாழ்வை ஊர் ஊராக விசாரித்து எழுதிய அறிக்கையில் அது பதிவாகியிருக்கிறது. கர்ப்பத்தின் முதல் அறிகுறி தென்பட்டவுடனேயே பெண்ணை வேலையினின்று நீக்கிவிடுவதும், மணமாகாத பெண்கள், கைம்பெண்கள், பிள்ளைபெறும் வயது கடந்தவர்கள் ஆகியோரை மட்டுமே பார்த்துப் பார்த்து அமர்த்துவதும், பணம் கொடுக்காமல் தப்புவதற்கு முதலாளிகள் சிலர் கண்ட உபாயங்களாம். உதவி பெறுவதற்குச் சொல்லியாகவேண்டும், சொன்னாலோ வேலையே போய்விடும் என்ற இந்த நெருக்கடியில் அந்நாளையப் பெண்கள் என்ன செய்திருப்பார்கள்? சேலையைச் சற்று மேலேற்றிக் கட்டியிருப்பார்கள். மேஸ்திரி வரும்போது கூடையை வயிற்றுக்கு முன்னே பிடித்திருப்பார்கள். நான் இதை ஊகித்தே எழுதுகிறேன். ஆயினும் என் சகோதரியும் தன் இரண்டாவது கர்ப்பத்தில் ஃபைல் கட்டுகளை அப்படித்தான் பிடித்து நடந்தாள்.

1961-ல் பாரத நாடு முழுவதற்குமாக இயற்றப்பட்ட பிரசவகால உதவிச் சட்டம், இந்த நெருக்கடியை நன்கு உணர்ந்தவர்கள் எழுதியது என்றே எனக்குத் தோன்றுகிறது. பன்னிரண்டு வாரம் ஊதியத்துடன் ஓய்வு என்பது யாவரும் அறிந்த பகுதி. எனக்கு அதனினும் அருமையாகப் படுவது அறிவிப்பைப் பற்றிய ஆறாவது பிரிவு. பெண் எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும் என்று விதித்துவிட்டு, கர்ப்பமாக இருந்த காலத்தில் தெரிவிக்காதவள் பிரசவமானபின் இயன்ற விரைவில் தெரிவிக்கலாம் என்றும், தெரிவிக்கத் தவறிய ஒரே காரணத்தால் அவளுடைய உரிமை அழிந்துவிடாது என்றும் அந்தப் பிரிவு கூறிற்று. சொல்ல நா எழாதவளுக்காகச் சட்டமே சற்றுக் காத்திருந்தது. பன்னிரண்டாவது பிரிவோ, விடுப்பிலிருப்பவளை நீக்குவது சட்டவிரோதம் என்றும், கர்ப்பகாலத்தில் நீக்கினாலும் அவளுக்குச் சேரவேண்டிய பணம் சேர்ந்தே ஆகவேண்டும் என்றும் விதித்தது. பதினோராவது பிரிவு, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தாய் நாளுக்கு இரண்டு முறை பாலூட்டி வர நேரம் கொடுக்கச் சொல்லிற்று. இந்தப் பதினைந்து மாதத்துக்குள் அவள் மீண்டும் கருவுற்றால், பதினோராவது பிரிவின்படி ஒரு குழந்தைக்குப் பாலூட்டப் போய்வந்து, ஆறாவது பிரிவின்படி மற்றொன்றுக்காக அறிவிப்புக் கொடுப்பாள். இரண்டையும் ஒரே பெண் ஒரே நாளில் கோருவதைத் தடுக்கும் சொல் அந்தச் சட்டத்தில் எங்குமே இருக்கவில்லை. இத்தனை காலத்துக்குள் மறுமுறை கருவுறலாகாது என்றோ, முந்தைய விடுப்பு முடிந்து இத்தனை மாதம் கடந்திருக்கவேண்டும் என்றோ அது கேட்கவில்லை.

கேட்டது ஒன்றே ஒன்று. பிரசவத்துக்குக் குறித்த தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அவள் 160 நாள் வேலை செய்திருக்கவேண்டும். பார்வைக்குச் சாதுவான இந்த விதிதான், அடுத்தடுத்துக் கருவுற்றவர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது; நோயிலும் வேலை கிடைக்காத மாதங்களிலும் நாட்களை இழந்த தினக்கூலிப் பெண்ணுக்கு, முந்தைய பிரசவம் தின்ற வாரங்களும் கழிந்தபின் 160 என்பது எட்டாக்கனியாயிற்று. 1988-ஆம் வருஷத்துத் திருத்தம் அதை 80 நாளாகக் குறைத்தது. அந்தக் குறைப்பின் முழுப் பயனும் 2017-ல் விடுப்பு 26 வாரமாக உயர்ந்தபோதுதான் புலனாயிற்று. ஒருத்திக்கு முதற் குழந்தை பிறந்து சரியாக ஓராண்டில் இரண்டாவது பிறப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 52 வாரத்தில், முதற் பிரசவத்துக்குப் பின் 18 வாரம் விடுப்பு. இரண்டாவதற்கு முன் 8 வாரம் விடுப்பு. எஞ்சியது 26 வாரம். வாரத்துக்கு ஆறு நாள் வீதம், ஒரு நாள்கூடத் தவறாமல் அவள் உழைத்திருந்தாலும் 156 நாள். பழைய விதி நீடித்திருந்தால் நாலே நாளில் அவள் தகுதியிழந்திருப்பாள்.

நாட்களை எண்ணுவதில் எத்தனை வழக்குகள்! கோயமுத்தூர்த் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டில் வேலை செய்த ஒரு பெண், நிர்வாகத்துக்கு முறைப்படி அறிவிப்புக் கொடுத்து விடுப்பில் போய், 1967 டிசம்பர் 16-ல் பிரசவித்தாள். நிர்வாகம் பன்னிரண்டு வாரத்தில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கழித்து, 72 நாளுக்கு மட்டும் கூலியைக் கொடுத்தது. வாரம் என்றால் ஏழு நாள், எனக்கு 84 நாள் சேரவேண்டும் என்று அவள் கேட்டாள். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூலி! அதற்காக வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை ஏறி, 1977-ல் அவளுக்கே சாதகமாகத் தீர்ந்தது. தாய் உயிர்வாழ்வதும், இழந்த சக்தியை மீட்பதும், குழந்தையைப் பேணுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நின்றுவிடுவதில்லை என்பதே அத்தீர்ப்பின் தாத்பரியம். அந்த அறிவிப்பில் குறித்திருந்த குழந்தைக்குத் தீர்ப்பு வந்தபோது ஏறக்குறையப் பத்து வயது.

1981-ல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களின் வழக்கு வந்தது. முதற் கர்ப்பத்துடனேயே வேலை முடிந்துவிடும் என்ற அந்தக் கம்பெனியின் விதியை நீதிமன்றம் கொடுமையென்று கண்டித்துத் தள்ளிற்று. எனினும் மூன்றாவது கர்ப்பத்துக்கு அப்படியொரு வரம்பு வைப்பது நியாயமாக இருக்கலாம் என்றும் சொல்லிவைத்தது. பத்தாண்டு கழித்து, ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனில் தகுதிகாண் பருவத்தில் இருந்த ஒரு பெண், பிரசவத்துக்குப் பின் நீக்கப்பட்டாள். வேலைக்குச் சேரும்போது, மாதவிலக்கின் கடைசித் தேதி என்ன, எத்தனை முறை கருவுற்றாய் என்றெல்லாம் கேட்ட படிவத்தில் அவள் உண்மையை மறைத்தாள் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் அவளை மீண்டும் வேலையில் அமர்த்தச் சொன்னதோடு, அந்தக் கேள்விகளையே படிவத்தினின்று எடுத்துவிடவும் சொல்லிற்று. தன் உடம்பின் செய்தியை எப்போது சொல்வது என்பது பெண்ணைச் சேர்ந்தது என்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளப்பட்ட நாள் அது என்று நான் கருதுகிறேன்.

தமிழ்நாட்டு அரசு, தன் ஊழியர்களுக்குத் தாராளமாகவே நடந்துகொண்டது. 2011-ல் ஆறு மாதம், 2016-ல் ஒன்பது மாதம், 2021-ல் ஓராண்டு என்று விடுப்பு வளர்ந்தது. ஆனால் விடுப்பு நீண்டால் திரும்பிவரும் நாளும் அடுத்த அறிவிப்பும் நெருங்கிவிடும். ஓராண்டு கழித்து வந்தவள் ஆறு மாதத்தில் மறுபடி ஒரு தாளை நீட்டும்போது, என் சகோதரியிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி முன்னிலும் உரத்தே எழும். விடுப்பைக் குறைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை, குறைக்கவே கூடாது. பதிலுக்கு ஆள் வைக்காமல், அவளுடைய வேலையை அக்கம்பக்கத்து மேஜைகளில் பகிர்ந்து போட்டுவிட்டு, அவர்களின் முணுமுணுப்பை அவளே தாங்கட்டும் என்று விட்டுவிடுகிறோமே, அதுதான் அநியாயம்.

அந்த ஓராண்டும், உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால்தான். தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு முதல் மணத்தில் இரண்டு குழந்தைகள். அவர்கள் தகப்பனிடம் வளர்ந்துவந்தார்கள். மறுமணத்துக்குப் பின் அவர் கருவுற்று விடுப்புக் கேட்டபோது, இது மூன்றாவது என்று எண்ணிக் காட்டி அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி கொடுத்ததை இருவர் அமர்வு ரத்துசெய்துவிட, 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு விடுப்பு உண்டென்றும், பிரசவ விடுப்பு மகப்பேற்று உரிமையின் ஓர் அங்கமென்றும் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பைப் பத்திரிகையில் படித்த அன்று அதை எடுத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனேன். ஆறாவது பிரிவையும் சொன்னேன். அவள் இருந்ததைப் போன்ற அலுவலகத்தை அந்நாளில் அந்தச் சட்டம் எட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் எழுந்துபோய், பழைய சர்வீஸ் காகிதங்கள் வைத்திருக்கும் தகரப் பெட்டியிலிருந்து ஒரு கார்பன் பிரதியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். ஊதா மை வெளுத்திருந்தது; ஒரு மூலை கசங்கியிருந்தது, மடியில் கிடந்த குழந்தை பிடித்திழுத்ததாம். பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன் என்று தொடங்கி, எதிர்பார்க்கும் தேதி, வேண்டும் விடுப்பு எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசி வரியில், இவ்வளவு விரைவில் மீண்டும் விடுப்புக் கோர நேர்ந்தமைக்கு மன்னிக்க வேண்டுகிறேன் என்று இருந்தது. அக்காள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

“இதை ஏண்டா எழுதினேன் நான்?” என்று என்னைக் கேட்டாள்.