ஒட்டுப் போட்ட சரித்திரம்

ஆரணியில் நெய்து முடித்த பட்டுப் புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுக்கிறார்களே, அதோடு சரி. ஜாக்கெட் துணியை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். மற்றபடி ஆயுசுக்கும் அந்தப் புடவை மேல் கத்தரி படக் கூடாது! கல்யாணப் பட்டை வெட்டுவதாவது? அபசகுனம்!

சரி, அந்தப் புடவை கடைசியில் என்ன ஆகிறது? முப்பது, நாற்பது வருஷம் பீரோவில் கிடக்கும். மடிப்பு மடிப்பாக இற்றுப்போகும். ஒரு நாள் தெருவில், ‘பழைய பட்டுப் புடவை வாங்கறதே!’ என்று குரல் கேட்கும். எடுத்துக் கொடுத்துவிடுவோம். அப்புறம் அது நெருப்புக்குப் போகும். பட்டு எரிந்து, ஜரிகையில் இருந்த வெள்ளி மட்டும் மிஞ்சும். வெட்ட மனசு வராத நாம்தான், எரிக்கக் கொடுக்கிறோம். வேடிக்கையாக இல்லை?

ஒட்டுப் போட்ட துணி என்றாலே நமக்கு இளப்பம். கந்தல், ஏழ்மை, பிச்சைக்காரன் தோள் மூட்டை... இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், சரித்திரத்தைப் புரட்டினால் விஷயமே வேறு.

முதலில் புத்தரிடம் போவோம். மகத நாட்டு வயல்களைத் தன் சீடர் ஆனந்தருக்குக் காட்டினாராம் புத்தர். வரப்பும் பாத்தியுமாக, கட்டம் கட்டமாக விரிந்து கிடந்த வயல்கள். ‘இதே மாதிரி பிட்சுக்களுக்கு ஆடை அமைக்க முடியுமா?’ என்று கேட்டார். துணியைத் துண்டு போட்டு, வயல் மாதிரியே இணைத்துத் தைத்தார் ஆனந்தர். பௌத்த விநய நூல் சொல்லும் கதை இது. துண்டு போட்ட துணிக்குச் சந்தையில் மதிப்பு கிடையாது. திருடனும் சீண்ட மாட்டான். துறவிக்கு அதைவிட என்ன வேண்டும்!

ஒட்டுத் துணி அப்படிப் புனிதமானது. அது எவ்வளவு தூரம் பயணம் செய்தது தெரியுமா? 1907-ல் ஆரல் ஸ்டைன் என்ற ஆய்வாளர், சீனாவின் துன்ஹுவாங் குகைக் கோயில்களுக்குப் போனார். அங்கே பல நூறு வருஷங்களாக அடைத்துக் கிடந்த ஓர் அறையில் கட்டுக் கட்டாகச் சுவடிகள், ஓவியங்கள். நடுவே ஓர் ஒட்டுத் துணி! அத்தனையும் பட்டுத் துண்டுகள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. அடைத்த அறையில் கிடந்ததால் பிழைத்தது. இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

லண்டன் என்றதும் அடுத்த கதை. பதினேழாம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணிக்கு ஐரோப்பாவே பைத்தியமாகக் கிடந்தது. படிகாரம் ஏற்றி, சாயவேரில் முக்கி எடுத்த சிவப்பு. எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. அந்த வித்தை அப்போது அவர்களுக்குப் பிடிபடவில்லை. உள்ளூர் நெசவாளிகள் கொதித்துப்போனார்கள். 1719-ல் லண்டன் தெருக்களில் சீட்டி உடுத்தி வந்த பெண்களின் ஆடைகளைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள். 1721-ல் சட்டமே வந்துவிட்டது. உடுத்தவும் கூடாது, படுக்கை விரிப்பாகவும் திரைச்சீலையாகவும்கூடப் பயன்படுத்தக் கூடாது! உடுத்தினால் ஐந்து பவுண்டு அபராதம். அந்தத் தடை நீங்க 1774 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் வடக்கே லெவன்ஸ் ஹால் என்றொரு மாளிகை. அங்கே 1708 வாக்கில் தைத்ததாகச் சொல்லப்படும் ஒரு போர்வை இருக்கிறது. இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுப் போர்வைகளில் ஒன்று. அதில் இருப்பது என்ன? இந்தியச் சீட்டித் துண்டுகள்! மாளிகைச் சீமாட்டிகளுக்குப் போர்வைக்கா பஞ்சம்? நம் துணியில் ஒரு விரற்கடையைக்கூட வீசி எறிய மனசு வரவில்லை. அதான் விஷயம். ஒட்டுப் போட்டது வறுமையால் இல்லை, மதிப்பால்.

ஆனால், கத்தரிக்கு இன்னொரு முகமும் உண்டு. 1866-ல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் லண்டனில் இருந்த இந்தியத் துணிகளை வெட்டி, 700 மாதிரித் துண்டுகளை 18 தொகுதிகளில் ஒட்டினார். மொத்தம் 20 செட். பதின்மூன்று பிரிட்டனுக்கு, ஏழு இந்தியாவுக்கு. எதற்கு? இந்தியர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று அங்கிருந்த ஆலைக்காரர்கள் பார்த்து, அதே மாதிரி நெய்து, நமக்கே விற்பதற்கு! துணியைக் காப்பாற்ற வெட்டியது ஒரு கத்தரி. துணிக்காரனின் பிழைப்பை வெட்டியது இன்னொன்று.

ஆரணிக்கும் இதில் பங்கு உண்டு. இன்று பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கும் இந்த ஊர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேர் வாங்கியது மஸ்லினுக்கு. ஆமாம், மெல்லிய பருத்தித் துணி. ‘ஆரணி மஸ்லினா... அப்படி ஒன்று இருந்ததா?’ என்றுதான் இன்றைக்குக் கேட்போம். ஒரு துண்டாவது நம் வீட்டுப் பெட்டியில் மிஞ்சியிருந்தால் கேட்போமா?

அதனால்தான் சொல்கிறேன். இற்றுப்போன பட்டை எடைக்குப் போடாதீர்கள். வெட்டுங்கள்!

எப்படி? வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். மடிப்பு விட்டிருக்கும் இடம் பளிச்சென்று தெரியும், அதைத் தள்ளிவிடுங்கள். முந்தானையும் உடலும் ஒரே சீராக நைவதில்லை. உறுதியாக இருக்கும் பகுதியை மட்டும், பாவு ஓடும் திசை பார்த்து, சதுரமாக வெட்டுங்கள். குறுக்காக வெட்டினால் இழுபட்டுக் கோணும். பழைய பட்டுக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்துத் தைத்தால், தையல் பட்டைக் கிழிக்காது. பட்டோடு பருத்திச் சதுரங்களைக் கலக்காதீர்கள். ஒன்று சுருங்கும், இன்னொன்று சுருங்காது. ஜரிகைக் கரை கனம், அதைச் சுற்றிலும் ஓரமாக வையுங்கள். கால் அங்குலம் தையலுக்கு விட்டு, சதுரங்களைப் பட்டையாகவும், பட்டைகளை முழுசாகவும் இணையுங்கள். நடுவில் ஒரு பழைய நூல் புடவை, அடியில் காடா துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டால் போர்வை தயார்.

கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சம். பழைய துணிகளில் ‘கவந்தி’ என்ற போர்வை தைப்பதில் கெட்டிக்காரிகள். ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் ‘பூ’ என்று மடித்த துண்டுகளை வைக்காமல் விட மாட்டார்கள். பூ இல்லாத போர்வை அம்மணமாக இருக்கிறதாம்!

நீங்களும் ஒரு மூலையில் ஏதாவது வையுங்கள். யார் புடவை, எந்த வருஷத்துக் கல்யாணம் என்று நூலால் எழுதி வைத்தால்கூடப் போதும். நெய்தவர் பேர் புடவையில் இருப்பதில்லை. உடுத்தியவர் பேராவது போர்வையில் இருக்கட்டும்.