கங்கைகொண்ட சோழபுரம்

அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தில், ஜெயங்கொண்டத்துக்கு அருகில் உள்ள ஊர். சுமார் 1025 முதல் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக இருந்தது. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டம் 1995இல் பிரிக்கப்பட்டபோது பெரம்பலூர் மாவட்டத்தில் சேர்ந்தது; 2007இல் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானபின் அதில் அடங்கியது. வெளியூரிலிருந்து வருவோர் பெரும்பாலும் பெரிய கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். நகரத்தின் பெரும்பகுதி கோயில் மதிலுக்கு வெளியே, வயலுக்கும் முந்திரித் தோப்புக்கும் அடியில் கிடக்கிறது.

முதலாம் இராசேந்திரன் (ஆட்சி 1014–1044) வடநாட்டுக்கு அனுப்பிய படை கங்கை வரை சென்று வென்றது. அங்கிருந்து நீர் கொண்டுவந்த தண்டநாயகனை அரசன் கோதாவரிக் கரையில் எதிர்கொண்டான். அந்த வெற்றியின் பெயரிலேயே கொள்ளிடத்துக்கு வடக்கே புதுத் தலைநகர் எழுந்தது. பழைய தலைநகரான தஞ்சையை ஏன் விட்டான் என்பதற்குக் கல்வெட்டில் நேரடி விடை இல்லை. நெல் விளையும் டெல்டாவை நகர விரிவுக்காக அழிக்காமல் மேட்டு நிலத்துக்குப் போனான், சாளுக்கிய எல்லைப் போர்களுக்கு வடகரை வசதியாக இருந்தது என்று இரண்டு காரணங்களை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இரண்டும் பொருந்தக்கூடியவையே.

வெற்றித் தூண் நடுவது அக்கால அரசர் வழக்கம். இராசேந்திரன் வெட்டியதோ ஏரி. சோழகங்கம் என்ற அந்த ஏரியை நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. இன்று அதன் பெயர் பொன்னேரி. உழவனுக்கும் ஊருக்கும் பயன்பட்ட இந்த நினைவுச்சின்னத்தைக் கோயிலுக்கு நிகராகவே வைத்துப் பார்க்க வேண்டும்.

நகர அமைப்பைக் கல்வெட்டுகளிலிருந்தும் ஊர்ப் பெயர்களிலிருந்தும் ஓரளவு கட்டி எழுப்பலாம். இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி, குலோத்துங்கசோழன் திருமதில் பெருவழி என அரசர் பெயர் தாங்கிய சாலைகளுக்கு நடுவே கூழையானை போன பெருவழி என்றும் ஒன்று வருகிறது. எந்த யானை எப்போது போனதோ, ஊரார் வாயில் வழங்கிய பெயர் அரசு ஆவணத்திலும் ஏறி நிலைத்துவிட்டது. அரண்மனைக்குச் சோழகேரளன் திருமாளிகை என்று பெயர். சுற்றுப்புறத்தில் உட்கோட்டை, மெய்க்காவல்புத்தூர், ஆயுதக்களம், சுண்ணாம்புக்குழி என்று ஊர்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் வழியே நடந்தால் தலைநகரின் பரப்பு கால்களுக்குத் தெரியும்.

இங்குள்ள பெரிய கோயிலான கங்கைகொண்ட சோழீச்சரத்தின் விமானம் 53 மீட்டர் உயரம். தஞ்சைப் பெரிய கோயிலைவிடச் சற்றுக் குறைவு. தஞ்சை விமானம் நேர்கோட்டில் விறைத்து ஏறுகிறது. இது அடியில் சதுரமாகத் தொடங்கி, உள்வாங்கி வளைந்து, மேலே வட்டமாகக் குவிகிறது. கருவறையில் சுமார் 13 அடி உயர லிங்கம். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு நூறு மூட்டை அரிசி வடிக்கிறார்கள். முன்னே படுத்திருக்கும் நந்தி தஞ்சையைப் போல் ஒற்றைக் கல்லில் ஆனதல்ல, செங்கல்லும் சுதையும் கொண்டு எழுப்பியது.

இங்கே அவசரப்படக் கூடாத இடம் வடக்கு வாயில் படிக்கட்டு. பார்வதியோடு அமர்ந்த சிவன், கைகூப்பிக் குனிந்திருக்கும் சண்டேசுவரரின் தலையில் கொன்றை மாலையைத் தானே சுற்றிவிடுகிறார். மாலையின் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்கு விரல்கள் நகர்வதுபோல் இருக்கும். சண்டேசர் முகத்தில் அடக்கமும் பூரிப்பும் ஒருசேரத் தெரிகின்றன. குனிந்திருப்பவர் இராசேந்திரனே என்று சில அறிஞர்கள் கருதுவதுண்டு. எதிர்ப்புறம் ஞானசரசுவதி. தாமரை வடிவில் ஒரே கல்லில் செதுக்கிய நவக்கிரகத்தில் சூரியன் தேரை ஏழு குதிரைகள் இழுக்கின்றன. சாளுக்கியக் கைவண்ணம் கொண்டது அது. வளாகத்திலுள்ள சிங்கக் கிணற்றில் கங்கை நீர் ஊற்றப்பட்டதாக ஊரார் நம்புகிறார்கள். வாயிலில் இருக்கும் சுதைச் சிங்கம் 19ஆம் நூற்றாண்டு உடையார்பாளையம் ஜமீன் காலத்து வேலை. அருகே செங்கமேட்டில் கலிங்கத்திலிருந்து வந்த செந்நிறக் கற்சிற்பங்கள் உள்ளன.

1279வாக்கில் சோழர் ஆட்சி பாண்டியரிடம் வீழ்ந்தது, நகரமும் சரிந்தது. அரண்மனை செங்கல்லும் மரமும் கொண்டது என்பதால் தரைக்கு மேலே கட்டடம் எதுவும் நிற்கவில்லை. செங்கற்களை ஊரார் பின்னாளில் தோண்டி எடுத்து வீடு கட்டிக்கொண்டனர். கல்லாலான கோயிலுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடுமை. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது திருச்சுற்று மதிலையும் வேலைப்பாடமைந்த கற்களையும் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். தடுக்க முயன்ற ஏழை மக்கள் தண்டிக்கப்பட்டதையும், கல்மதிலுக்குப் பதில் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகச் சொன்ன வாக்கு காற்றில் போனதையும் 1855இல் எழுதப்பட்ட குறிப்பு பதிவு செய்திருக்கிறது. கும்பகோணத்திலிருந்து வருகிறவர்கள் அணைக்கரையில் கடப்பது அந்த அணையைத்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1987இல் கிடைத்த உலகப் பாரம்பரியச் சின்ன மதிப்பு கங்கைகொண்ட சோழீச்சரத்துக்கும் 2004இல் நீட்டிக்கப்பட்டது.

கோயிலுக்குத் தென்மேற்கில் மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களிலும் மீண்டும் 2021 முதலும் அகழ்ந்தது. செங்கல் சுவர்கள், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடிக்கற்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், தந்தப் பொருள்கள், சீனப் பாண்டங்களின் துண்டுகள் வெளிப்பட்டன. கடாரம் வரை கலம் செலுத்திய அரசின் வீட்டில் சீனப் பீங்கான் இருந்ததில் வியப்பில்லை. நேரில் பார்க்கும்போது மெய்சிலிர்க்கிறது.

இராசேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரை இப்போது அரசு விழா. பொன்னேரியைத் தூர்வாரிச் சீரமைக்கும் திட்டத்தை அரசு 2025இல் அறிவித்தது.