பூசாத சுவர்களுக்குள் ஒரு ஊர்: லண்டன் பார்பிகன்

'புரூட்டலிசம்' என்றதும் முரட்டுத்தனம் என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். அதன் வேர் 'பெத்தோன் புரூ' என்ற பிரெஞ்சுத் தொடர். பூச்சு இல்லாத காங்கிரீட் என்றுதான் அர்த்தம். சண்டிகரில் லெ கார்பூசியே எழுப்பிய கட்டடங்களைப் பார்த்த அன்பர்களுக்கு இது புதிதல்ல. இந்த முறைக்குப் பேர்போன இன்னொரு இடம் லண்டன் பார்பிகன்.

1940 டிசம்பர் 29 இரவு ஜெர்மன் குண்டுவீச்சில், துணிக் கிடங்குகள் நிறைந்த கிரிப்பிள்கேட் பகுதி எரிந்து சாம்பலானது. 1951-ல் அந்த வட்டாரத்தில் குடியிருந்தவர்கள் வெறும் 48 பேர்! அலுவலகங்களைக் கட்டி விட்டால் நல்ல வாடகை வரும். வியாபாரி யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வான்? ஆனால் 1957-ல் நகர மன்றம், வருமானம் குறைந்தாலும் சரி, இங்கே மனிதர்கள் குடியிருக்க வேண்டும் என்று தீர்மானித்தது.

சேம்பர்லின், பவல், பான் என்ற மூவர் வரைந்த திட்டப்படி 1965 முதல் 1976 வரை குடியிருப்பு எழுந்தது. சுமார் 2,000 வீடுகள், 40 மாடிக்கு மேற்பட்ட மூன்று கோபுரங்கள். வண்டிகள் கீழே, மனிதர்கள் மேல்தளத்து நடைபாதையில். காங்கிரீட் இறுகிய பிறகு, நம்ம ஊரில் அம்மி கொத்துவதுபோல, தொழிலாளர்கள் கையில் கருவி பிடித்துச் சுவர்களைக் கொத்திச் சொரசொரப்பாக்கினார்கள். நடுவே ஏரி. கவிஞர் மில்டன் அடக்கமான செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தையும், ரோமானியர் கால மதிலின் மிச்சத்தையும் இடிக்காமல் உள்ளடக்கிக்கொண்டார்கள்.

கலை மையம் 1982 மார்ச் 3-ல் திறக்கப்பட்டது. அதைக் காண சேம்பர்லின் இல்லை, 1978-லேயே காலமாகிவிட்டார். நாடக அரங்கின் மேடைக் கோபுரத்தை மறைக்க, அதைச் சுற்றிக் கண்ணாடிக்கூரைத் தோட்டம் அமைத்தார்கள். குறையும் உண்டு. வழி புரியாமல் ஜனங்கள் திண்டாடியதால் தரையில் மஞ்சள் கோடு போட வேண்டியதாயிற்று! வாடகைக்கென்று கட்டிய வீடுகளில் பெரும்பாலானவை பிற்பாடு விற்கப்பட்டுவிட்டன. இன்று சாமானியர் அங்கே வீடு வாங்க முடியாது. அசிங்கம் என்று பலர் பழித்த அதே குடியிருப்பு, 2001-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது.

பிழைப்புக்காக வந்த நகரங்களில் நாமும் அடுக்குமாடிகளில்தான் வாழ்கிறோம். வீடு வாங்கும்போது சதுர அடியும் விலையும் கேட்கிறோம். பிள்ளைகள் ஓடியாட இடம் உண்டா, நாலு பேர் கூடிப் பாட்டுக் கேட்க ஒரு கூடம் உண்டா என்றும் கேட்க வேண்டாமா? அதைத் திட்டத்திலேயே எழுதி வைத்தார்கள் என்பதற்காகவாவது பார்பிகனை நாம் அறிந்துகொள்வது நல்லது.